எக்ஸ்பியும் விண்டோஸ் 10-ம் ஒரே சுவிட்சில்; ஃபைல் மட்டும் போக மாட்டேன் என்கிறது

கேள்வி: புதுவயல் வாசகர், 4 ஆகஸ்ட் 2025

ரைஸ் மில்லில் கணக்கு பார்க்கிறேன். எடை மேடை ரூமில் எக்ஸ்பி. ஆபீசில் இத்தனை நாளும் விண்டோஸ் 7. போன வாரம் முதலாளி விண்டோஸ் 10 போட்ட மெஷின் ஒன்றை வாங்கி வந்து வைத்துவிட்டார். அதிலிருந்து எடை மேடை கம்ப்யூட்டரைத் திறக்கவே முடியவில்லை. 7-ல் இருந்து இன்னமும் திறக்கிறது. சர்வீஸுக்கு வந்த பையன், "எஸ்எம்பி 1-ஐ எல்லா மெஷினிலும் ஆன் பண்ணி, ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டா முடிஞ்சுது" என்கிறான். அவ்வளவுதானே? லாரி வரிசையில் நிற்கும்போது பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை.

4 ஆகஸ்ட், இரவு

அவ்வளவு இல்லை. ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம்.

7-ல் இருந்து திறக்கிறது என்று சொன்னீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஒயர் சரி, சுவிட்ச் சரி, எக்ஸ்பியில் போட்ட ஷேரும் சரி. எதுவும் கெட்டுப்போகவில்லை. எக்ஸ்பி 2001-ல் வந்தது. எஸ்எம்பி என்பது நெட்வொர்க்கில் மெஷின்கள் ஃபைல் கொடுத்து வாங்கப் பேசும் மொழி; எக்ஸ்பிக்கு அதில் எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். விஸ்டாவோடு எஸ்எம்பி 2 வந்தது. விண்டோஸ் 7-க்கு இரண்டும் தெரியும். விண்டோஸ் 10-ல் 2017 கடைசியில் வந்த 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐப் படிப்படியாகக் கழற்றிவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் கழற்றவில்லை. அந்த வருஷம் மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டதே, அது ஒரு மெஷினில் இருந்து அடுத்த மெஷினுக்குத் தாவியது எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்தியவர்கள், இதற்காகத் திரும்பி வந்து பேட்ச் கொடுத்தார்கள். கேபி 4012598 என்று அதற்கு எண். உங்கள் எடை மேடை மெஷினில் அது ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாத எக்ஸ்பி இன்றைக்கும் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது.

என் யோசனை வேறு. 7-ஐ நடுவில் வையுங்கள். எக்ஸ்பி தன் ஃபைலை 7-ல் இருக்கும் ஒரு ஃபோல்டரில் போடட்டும், 10 அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். நெல் வாங்குவதில் தரகர் நிற்கிற மாதிரி. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் ஒருவர் நடுவில் இருந்தால், மற்ற இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே வேண்டாம்.

5 ஆகஸ்ட்

"7-ஐ முதலாளி எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க விடாதீர்கள். கடைக்காரர் தரப்போகும் காசு லாரி டிரைவர்களுக்கு ஒரு வேளை டீ வாங்கவே சரியாக இருக்கும்.

கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் 10-ல் கண்ட்ரோல் பேனலுக்குப் போய், விண்டோஸ் அம்சங்களை ஆன் ஆஃப் செய்யும் ஜன்னலைத் திறங்கள். எஸ்எம்பி 1.0 என்ற தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பிளஸ்ஸை அழுத்தினால் மூன்று டிக் கட்டங்கள் விரியும். நம் ஊரில் பெரும்பாலும் யாரும் இதை விரித்துப் பார்ப்பதில்லை; தலைப்பிலேயே டிக் போட்டு மூன்றையும் ஏற்றிவிடுகிறார்கள். கிளையன்ட் என்பது இந்த மெஷின் எக்ஸ்பியைத் தேடிப் போவதற்கு. சர்வர் என்பது எக்ஸ்பி இந்த மெஷினுக்குள் வருவதற்கு. மூன்றாவது, பயன்படுத்தாமல் கிடந்தால் தானாகக் கழற்றிவிடுவதற்கு. ஆபீஸ் மெஷின் எக்ஸ்பிக்குப் போய் எடுத்துவந்தால் போதும் என்றால் கிளையன்ட் ஒன்று மட்டும் வையுங்கள். சர்வர் வேண்டாம். கதவை உள்ளே இருந்து திறந்து நாம் வெளியே போகலாம், வெளியாள் உள்ளே வர வேண்டாம்.

இந்தத் தானாகக் கழற்றும் விஷயம் சிலரைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. மெஷின் ஆனில் இருக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு, 15 நாள் யாரும் எஸ்எம்பி 1-ஐத் தொடாவிட்டால் அது தன்னைத்தானே எடுத்துக்கொள்ளும். முகூர்த்த மாதத்தில் ஓடியது ஆடியில் காணாமல் போகும். "யாரும் எதையும் தொடவில்லை, தானா போச்சு" என்று சொன்னால் சில நேரம் அது உண்மைதான். கையால் ஒரு தடவை திரும்ப ஏற்றிவிட்டால் மறுபடி கழலாது.

5 ஆகஸ்ட், பிற்பகல்

"நெட்வொர்க் ஐகானைத் திறந்தால் ஒரு மெஷின்கூடத் தெரியவில்லை."

அந்த ஜன்னலை நம்பாதீர்கள். அதில் தெரிவதும் திறப்பதும் வேறு வேறு. எட்டாத மெஷின் அங்கே காட்சி தரும். நன்றாகத் திறக்கும் மெஷின் அங்கே வராமலே இருக்கும். எக்ஸ்பி காலத்தில் இருக்கிற மெஷின்களில் ஒன்று தலைவராகித் தேர்தலில் ஜெயித்துப் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கும். ஒவ்வொரு மெஷினும் 12 நிமிஷத்துக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று அதனிடம் சொல்ல வேண்டும், மூன்று தடவை சொல்லாவிட்டால்தான் பெயர் அடிபடும். அதாவது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் அந்த மெஷின் பட்டியலில் உயிரோடு இருக்கும். புது விண்டோஸ் இந்தத் தேர்தலையே கைவிட்டு வேறு வழியில் தேடுகிறது.

பட்டியலை மூடிவிட்டு, ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு அந்த மெஷினின் நெட்வொர்க் எண்ணை (ஐபி முகவரி) நேராக அடியுங்கள்: \\192.168.1.20 என்ற மாதிரி, உங்கள் எக்ஸ்பியின் எண். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால் பெயர் கண்டுபிடிப்பதில் மட்டும் சிக்கல். பாஸ்வேர்டு கேட்டால் சந்தோஷப்படுங்கள், வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். பாதை கிடைக்கவில்லை என்று 0x80070035 வந்தால் இன்னும் கீழே பார்க்க வேண்டும். கீழே என்றால் ஒயரும் ஃபயர்வாலும்.

9 ஆகஸ்ட்

ஆடி மாதம். கல்யாண வேலை இல்லை, கோவில் திருவிழா நோட்டீஸ் மட்டும் ஓடுகிறது. எழுத நேரம் இருக்கிறது.

எங்கள் அச்சகம் காரைக்குடியில். பேஜ்மேக்கர் ஓடும் எக்ஸ்பி ஒன்று, கோரல் டிரா ஓடும் 10 ஒன்று, பில் போட ஒன்று. எக்ஸ்பியை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்களுக்கு: பழைய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரில், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டில் கிடக்கின்றன. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாடல் தம்பிக்கும் வேண்டும் என்று வருவார்கள். திறந்து, பெயரை மாற்றி, டிரேசிங் தாளில் பிரிண்ட் எடுத்து, பிளேட் போட வேண்டியதுதான். புதிதாக அடித்தால் ஆச்சிமார் கண்ணில் உடனே பட்டுவிடும். "முந்தி இருந்த அந்த சுழி இதுல இல்லையே" என்பார்கள்.

நகரத்தார் பத்திரிகையில் கோவில் பெயர் தவறக் கூடாது. அதனால் அப்பா காலத்திலிருந்தே அவர்களின் ஒன்பது கோவில் பிரிவுக்கும் ஒன்பது ஃபோல்டர்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணிக்கோவில், பிள்ளையார்பட்டி. அதற்குள் ஊர், அதற்குள் வீட்டு விலாசம், அதற்குள் வருஷம், அதற்குள் மாப்பிள்ளை வீடா பெண் வீடா. ஃபைலின் பெயரிலேயே பாதிப் பத்திரிகையை எழுதி வைத்திருப்பான் எங்கள் டிசைனர். மொத்தப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் கையை விரித்துவிடும். அந்த மெஷினிலேயே திறக்கும் ஃபைல் நெட்வொர்க்கில் மட்டும் திறக்காது, ஏனென்றால் மெஷின் பெயரும் ஷேர் பெயரும் முன்னால் சேர்ந்துகொள்கின்றன. ஃபோல்டரைப் போட்டு உருட்டாமல், நடு ஃபோல்டர் ஒன்றையே தனியாக ஷேர் செய்து அதற்கு டிரைவ் எழுத்து கொடுத்தேன். முன்பாதி சுருங்கிவிட்டது.

இன்னொன்று. 10-ல் உட்காரும் பையன் ஃபோல்டர் பெயரைத் தமிழிலேயே, யூனிகோடில் வைக்க ஆரம்பித்தான். அழகாகத்தான் இருந்தது. எக்ஸ்பியில் பார்த்தால் கட்டம் கட்டமாக. ரீஜனல் செட்டிங்கில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்பதற்கு டிக் போட்டால் லதா ஃபான்ட் ஏறி எழுத்து ஒழுங்காகிவிடும். அதற்கு எக்ஸ்பி சிடி கேட்கும், சிடியைத் தேடுவது தனிக் கதை. எழுத்து தெரிந்த பிறகும் பேஜ்மேக்கர் அந்த ஃபைலைத் திறக்காது. அது யூனிகோடுக்கு முந்தைய புரோகிராம், தமிழ்ப் பெயர் அதற்கு வெறும் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். ஆகவே உள்ளே எந்தத் தமிழ் வேண்டுமானாலும் இருக்கட்டும், ஃபைலின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில்.

10 ஆகஸ்ட்

தேவகோட்டை ஆசிரியர் ஒருவர், "பிங் போகவில்லை, அப்படியானால் ஒயர்தான்" என்று எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள் ஐயா. எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகு "இருக்கிறாயா" என்று கேட்டுப் பார்க்கும் பிங்குக்கு ஃபயர்வால் பதில் சொல்லாது. ஃபைல் ஷேரிங் விதிவிலக்கைத் திறந்தால்தான் பதில் வரும். பிங் அடித்துவிட்டு உடனே ஏஆர்பி -ஏ என்று கமாண்ட் ஜன்னலில் கொடுத்துப் பாருங்கள். அந்த எண்ணுக்கு எதிரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வந்திருந்தால் ஒயர் வழியாக ஆள் பேசிவிட்டார், பிங்குக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. முகவரியே வரவில்லை என்றால் ஒயரைப் பாருங்கள். எண் 169.254 என்று ஆரம்பித்தால் ரூட்டரிடமிருந்து எண்ணே கிடைக்கவில்லை. அப்போதும் ஒயர், அல்லது ரூட்டர்.

11 ஆகஸ்ட்

அதே ஆசிரியர்: "லினக்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை."

நடு மெஷினாக லினக்ஸ் வைக்கலாம், நல்ல யோசனை. ஆனால் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். லினக்ஸில் இந்த ஷேரிங் வேலையைப் பார்க்கும் சம்பா என்ற புரோகிராமிலும் 2019-ல் வந்த 4.11-லிருந்து எஸ்எம்பி 1 இயல்பில் மூடித்தான் இருக்கிறது. குறைந்தபட்ச முறையை என்டி1 என்று அமைப்பு ஃபைலில் ஒரு வரி எழுதினால்தான் எக்ஸ்பி உள்ளே வரும். எடை மேடை ரூமில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர் அதைத் திருத்துவாரா?

17 ஆகஸ்ட்

ஆவணி பிறந்துவிட்டது, இனிமேல் பதில்கள் சின்னதாகத்தான் வரும்.

புதுவயல்காரர் 7-ஐக் காப்பாற்றிவிட்டார். இப்போது 10-ல் இருந்து 7-க்குப் போனால் யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கிறதாம், கொடுத்தால் தவறு என்கிறதாம். எந்தப் பாஸ்வேர்டு கொடுத்தீர்கள்? மெஷின் திறக்க அடிக்கும் நாலு இலக்க பின் எண்ணையா? பின் எண் அந்த மெஷினின் கீபோர்டோடு முடிந்துவிட்டது, நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் செல்லாது. காலிப் பாஸ்வேர்டு வைத்த கணக்கை எக்ஸ்பி காலத்திலிருந்தே திரைக்கு முன்னால் உட்கார்ந்தவரைத் தவிர யாருக்கும் விடமாட்டார்கள்.

7-ல் புதிதாக ஒரு சாதாரணக் கணக்கு உண்டாக்குங்கள். பெயர் எடைக்காக என்று ஏதோ ஒன்று, பாஸ்வேர்டு கட்டாயம். எக்ஸ்பியிலும் 10-லும் இந்தப் பெயரையே கொடுத்து உள்ளே வாருங்கள். முன்பு தவறாகக் கொடுத்தது 10-ல் பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் உட்கார்ந்திருக்கும். அதை அழிக்காமல் நூறு தடவை சரியான பாஸ்வேர்டு அடித்தாலும் பழையதையே அனுப்பும். 1219 என்ற பிழை வந்தால், ஒரே மெஷினுக்கு இரண்டு பெயரில் ஒரே நேரத்தில் போகப் பார்க்கிறீர்கள் என்று பொருள். லாக் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள்.

17 ஆகஸ்ட், இரவு

திறக்கிறது, ஆனால் எழுத முடியவில்லையா? இரண்டு இடத்தில் அனுமதி பார்க்க வேண்டும். ஷேரிங் தாவலில் ஒன்று, செக்யூரிட்டி தாவலில் ஒன்று. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் ஜெயிக்கும். ஷேரிங்கில் எல்லாம் கொடுத்துவிட்டு செக்யூரிட்டியைப் பார்க்காமல் விட்டால், பார்க்க மட்டும் விடும்.

19 ஆகஸ்ட்

வேறு ஒருவர், கோட்டையூர். எக்ஸ்பியில் ஆன்டிவைரஸ் போட்ட மறுநாளில் இருந்து மற்ற மெஷின்கள் உள்ளே வர முடியவில்லை, "சர்வரில் போதிய ஸ்டோரேஜ் இல்லை" என்கிறதாம். இந்த வாக்கியத்தை எழுதியவரை நான் சந்திக்க விரும்புகிறேன். எங்கள் அச்சகத்தில் இதே செய்தியைப் பார்த்துவிட்டு, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு புண்ணியவான் பழைய பத்திரிகைகளை அழிக்க ஆரம்பித்தார். மாத்தூர் ஃபோல்டரில் பாதி போன பிறகுதான் எனக்குத் தெரியும்.

டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் உள்ளே ஒதுக்கும் அடுக்கு போதவில்லை. ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து அதில் பங்கு கேட்கிறது. ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன்சர்வர் என்ற சர்வீஸுக்குக் கீழே பாராமீட்டர்ஸ், அதில் ஐஆர்பிஸ்டாக்சைஸ் (IRPStackSize) என்று ஒரு டிவேர்டு மதிப்பு உண்டாக்குங்கள். எழுத்துப் பிசகாமல். இயல்பு 15, மூன்று கூட்டி 18 வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். போதவில்லை என்றால் மேலும் மூன்று.

28 ஆகஸ்ட்

சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டி போய்க் கூட்டத்தில் நசுங்கி வந்து ஃபோனைப் பார்த்தால், புதுவயலில் இருந்து நாலு செய்தி. "அண்ணே, எல்லாம் போச்சு. ஒண்ணும் தெரியல."

என்ன மாறியது என்று கேட்டேன். ஒன்றும் மாறவில்லை என்றார். அப்புறம் மெதுவாக, ஃபைபர் கனெக்ஷன் வந்தது, பழைய ரூட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள் என்றார்.

இதில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கும், அதனால்தான் குழப்பம். பழைய ரூட்டர் 192.168.1 வரிசையில் எண் கொடுத்தது. புதியது வேறு வரிசையில் கொடுக்கிறது. கையால் எண் போட்ட எக்ஸ்பியும் 7-ம் பழைய வரிசையிலேயே நிற்கின்றன. ஒரே சுவிட்சில் இருந்தும் வேறு தெரு. இது முதல் விஷயம். இரண்டாவது, ரூட்டர் மாறினால் விண்டோஸ் 10 இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு, பப்ளிக் என்ற வகையில் போட்டு ஷேரிங்கைச் சாத்திவிடும். 7 புது நெட்வொர்க்கைக் கண்டால் வீடா, ஆபீசா, பொது இடமா என்று கேட்கும். யாரோ அவசரத்தில் பொது இடம் என்று அழுத்தியிருப்பார்கள். எண்ணை மட்டும் சரிசெய்தவருக்கும் திறக்காது, வகையை மட்டும் மாற்றியவருக்கும் திறக்காது.

எண்ணைச் சரிசெய்யும்போது ஒரு வேலை சேர்த்துச் செய்யுங்கள். எக்ஸ்பியிலும் 7-லும் டீஃபால்ட் கேட்வே கட்டத்தையும் டிஎன்எஸ் கட்டத்தையும் காலியாக விடுங்கள். கேட்வே இல்லாத நெட்வொர்க்கை 7 பொது இடமாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் அதில் பொது வகைக்கும் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்துவிடுங்கள். மில்லுக்குள் ஃபைல் போகும் வரும், இன்டர்நெட் மட்டும் போகாது. எடை மேடையில் யூடியூப் பார்க்கிறவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. 7-க்கும் 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்துவிட்டது. தரகர் வேலைக்கு வைத்தவருக்கு வெளியூர்ப் பயணம் எதற்கு?

6 செப்டம்பர்

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். மகன் வெளிநாட்டில். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் இருந்த காலத்துப் பேரேடுகளை ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார். ஸ்கேனர் இரண்டாம் கட்டில், கம்ப்யூட்டர் முகப்பில். இந்த வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறவை. சுவர் கனத்துக்கு வைஃபை முதல் வளவைத் தாண்டாது. சுவரில் துளை போடலாமா என்று கேட்டதற்கு ஆச்சி என்னைப் பார்த்த பார்வையில் டிரில்லைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். முட்டைப் பூச்சுச் சுவர், நியாயம்தான். ஏற்கெனவே ஒருவர் தேக்கு உத்தரத்தை ஒட்டியே ஒயர் இழுத்திருந்தார்.

அந்த ஒயரில்தான் வில்லங்கம். டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறது. சின்ன ஃபைல் போகிறது. ஸ்கேன் செய்த படம் ஒன்றை அனுப்பினால் கொஞ்ச தூரம் போய் நின்று "நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை" என்று 64-ம் எண் பிழை. பிளக்கைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம் என்று பார்க்க அழகாக ஜோடி ஜோடியாகக் கிரிம்ப் செய்திருக்கிறார். இரண்டு முனையிலும் அதேபோல. தப்பு அந்த அழகில்தான். சரியான வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகள் வேலை செய்கின்றன. 3-ம் 6-ம் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இவர் வரிசையில் 3 பச்சை ஜோடியிலும் 6 நீல ஜோடியிலும் போய்விட்டன. முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது. கம்பி தொடர்கிறதா என்று மட்டும் பார்க்கும் சாதாரண டெஸ்டருக்கு இது தெரியவே தெரியாது. குட்டையான ஒயரில் தப்பித்துக்கொள்ளும், நீளத்தில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு முனையும் வெட்டிப் புது பிளக் போட்டதும் படம் சிணுங்காமல் போனது. ஆச்சி கொடுத்த கும்மாயத்துக்காக இன்னொரு ஒயரையும் சேர்த்துச் சோதித்தேன்.

7 செப்டம்பர்

நேற்று எழுதியதற்குச் சேர்க்கை. மாடி வழியாக, ஓட்டுக்கு மேலே வெளியில் ஒயர் இழுக்காதீர்கள். அணில் கடிக்கும், அது சின்ன நஷ்டம். ஐப்பசி மழையில் இடி இறங்கினால் அந்த ஒயர் வழியாகச் சுவிட்சின் போர்ட்டும் மெஷினின் நெட்வொர்க் போர்ட்டும் சேர்ந்து போகும். யுபிஎஸ் கரண்ட் பக்கத்தைத்தான் பார்க்கும், இந்தப் பக்கத்தை அல்ல. ஒரு ஒயர் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய வீடுகளில் சுற்றி வளைத்து இழுத்தால் அது சீக்கிரம் வந்துவிடும்.

14 செப்டம்பர்

புதுவயலில் இப்போது தானியங்கிக் காப்பி வேண்டுமாம். எடை மேடை ஃபோல்டரை 7-ல் இருந்து, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கமாண்டைக் கொண்டு, டாஸ்க் ஷெட்யூலரில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுக்கிறார். நல்ல வேலை. ஆனால் "சில நேரம் தொங்கிக் கிடக்கிறது, மறுநாள் காலை வரை" என்கிறார்.

தொங்காமல் என்ன செய்யும்? ஒரு ஃபைல் பூட்டியிருந்தால் ரோபோகாப்பி இயல்பாகப் பத்து லட்சம் தடவை திரும்ப முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 வினாடி காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ஒரு ஃபைலுக்கே கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். கமாண்டின் கடைசியில் சேர்க்கும் ஆர் சுவிட்சுக்கு 2 (தடவை), டபிள்யூ சுவிட்சுக்கு 5 (வினாடி) என்று கொடுங்கள். எடை மேடை டிஸ்க் பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் எஃப்எஃப்டி சுவிட்சும் சேருங்கள். அதில் நேரம் இரண்டு வினாடிக்கு ஒரு தடவைதான் பதிவாகும், ஒன்றும் மாறாத ஃபைலையும் மாறியதாக நினைத்துத் திரும்பத் திரும்ப இழுக்கும். எம்ஐஆர் சுவிட்சை மட்டும் போடாதீர்கள். அந்தப் பக்கம் அழிந்தது இந்தப் பக்கமும் அழியும்.

15 செப்டம்பர்

எடை புரோகிராம் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதியது என்று இப்போதுதான் சொல்கிறார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

அப்படியானால் ஆபீசில் இருந்து எடைகள் பதிவாகும் அந்த டிபிஎஃப் ஃபைலை நேராகத் திறக்கவே திறக்காதீர்கள், படிக்க மட்டும் என்றாலும் சரி. லாரி மேடையில் ஏறி எடை பதிவாகும் அதே நொடியில் நெட்வொர்க்கில் இன்னொருவர் பிடித்திருந்தால் இண்டெக்ஸ் கெடலாம். அப்புறம் நெல் எடை ஒரு வரியிலும் வண்டி நம்பர் வேறு வரியிலும் நிற்கும். காப்பியைத் திறங்கள். காப்பி பத்து நிமிஷம் பழையதாக இருந்தால் என்ன குடி முழுகிப்போகும்?

2 அக்டோபர்

நேற்று ஆயுத பூஜை. எல்லா மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். ஃபேன் ஜல்லடைக்குள் விபூதி போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

துடைக்க மூடியைத் திறந்தபோது எக்ஸ்பியின் போர்டில் இருந்த காசு பேட்டரியையும் மாற்றினேன். சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்தால் கரண்ட் போய் வரும்போது தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். தேதி பார்த்துப் புதியதை மட்டும் இழுக்கும் காப்பிகள் அப்போது இன்றைய ஃபைலைப் பழையது என்று ஒதுக்கிவிடும். திரையில் எந்தப் பிழையும் வராது. இன்றைய எடை மட்டும் ஆபீசுக்கு வந்து சேராது. ரோபோகாப்பி வைத்திருப்பவர்கள் எடை மேடை மெஷினின் தேதியைக் காலையில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

15 அக்டோபர்

நேற்றோடு விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தது என்று ஆளாளுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். "அப்ப இதையும் நடுவுல வச்சிரலாமா?" என்று புதுவயல்காரர் கேலி செய்கிறார். பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், அதைச் செய்யுங்கள்.

அடுத்து விண்டோஸ் 11 வாங்குபவர்களுக்கு: 2024-ல் வந்த 24ஹெச்2 பதிப்பின் ப்ரோவில் வரும் செய்தி நடுவில் மாறவில்லையா என்று சரிபார்க்கும் எஸ்எம்பி கையொப்பம் கட்டாயம், கெஸ்ட் ஆகப் போவதும் அடைபட்டிருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் எல்லோருக்கும் திறந்து வைத்த பழைய ஷேர்கள், ரூட்டரின் முதுகில் செருகிய டிஸ்க் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போவது இதனால்தான். ஆகஸ்டில் 7-ல் தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் உண்டாக்கியவர்களுக்குக் கெஸ்ட் தொல்லை வராது.

16 அக்டோபர்

கடைசிக் கேள்வி என்று புதுவயல்காரர் கேட்டது: எக்ஸ்பியே வேண்டாம், எடை மேடையைப் புது மெஷினுக்கு மாற்ற முடியாதா? புது மெஷினில் எடை மேடையின் ஒயரைச் செருகும் சீரியல் போர்ட் இல்லையே.

யுஎஸ்பி சீரியல் கன்வர்ட்டர் வாங்கி மாட்டலாம். மாட்டியதும் அந்த சீரியல் போர்ட் காம் 7, காம் 11 என்று ஏதோ ஒரு எண் எடுத்துக்கொள்ளும். பழைய எடை புரோகிராம்கள் பலவற்றில் காம் 1 முதல் 4 வரை மட்டும்தான் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் காம் 2 என்று மாற்றி, எப்போதும் ஒரே யுஎஸ்பி துளையிலேயே செருகுங்கள். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ என்றால் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. 32 பிட்டாக இருக்க வேண்டும். இதையெல்லாம் தீபாவளி முடிந்து மேடை சும்மா இருக்கும் நாளில் செய்து பாருங்கள். அதற்கு முன்னால் எக்ஸ்பியின் டிஸ்க்கை அப்படியே ஒரு இமேஜ் எடுத்து 7-ல் போட்டு வையுங்கள். ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க் அது, போனால் புதிது கடையில் கிடைக்காது.